வட்டமா, பெருக்கலா

என் அக்கா புருஷனுக்கு ஊரில் வைத்த பெயர் "வட்டம்". முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. முதுகுக்குப் பின்னால் கூப்பிடாதவர்களும் இல்லை. கழிப்பறைச் சாமான் செய்யும் தொழிற்சாலையில் அவர் பரிசோதகர். சூளையிலிருந்து ஆறி வரும் வாஷ்பேசினையும் கம்மோடையும் விரல் முட்டியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். பிறகு உள்ளங்கையால் தடவுவார். எங்கே குறை தென்படுகிறதோ அங்கே நீல சாக்பீஸால் ஒரு குறி. வட்டம் போட்டால் சரிசெய்யலாம், திரும்பப் பூசிச் சுடலாம் என்று அர்த்தம். பெருக்கல் குறி போட்டால் உடைப்பு. பின்கட்டில் சம்மட்டியோடு ஓர் ஆள் நிற்பார், பெருக்கல் போட்டதெல்லாம் அவரிடம் போய்விடும்.

வாழ்நாள் முழுக்கக் கம்மோடில் குறை தேடியவர் வீட்டுக்கு வந்ததும் கண்ணை மூடிக்கொள்வாரா? சாக்பீஸ் எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். அலமாரித் தூசிக்கு ஒரு வட்டம். சுவரில் கைபட்ட அழுக்குக்கு ஒரு வட்டம். சரியாகத் துடைக்காத தட்டை மேசையில் வைத்து அதைச் சுற்றி ஒரு வட்டம். வாயைத் திறந்து ஒரு சொல் திட்ட மாட்டார். திட்டினால்கூடத் தேவலை, திருப்பித் திட்டலாம். வட்டத்தை என்ன செய்வது? அக்கா துணியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே துடைத்துக்கொண்டு போவாள்.

கல்யாணமான புதிதில் ஒருநாள் அவள் கடைத்தெரு முழுக்கச் சுற்றிவிட்டு வந்தாள். போன இடமெல்லாம் சிரிப்பு. கடைசியில் காய்கறிக்காரி ஒருத்திதான் இரக்கப்பட்டு, "முதுகுல என்னமோ வரைஞ்சிருக்கு பாரும்மா" என்றாளாம். உடுப்பில் ஒரு கடுகளவு எண்ணெய்க் கறை. அதைச் சுற்றி நீல வட்டம். கிளம்பும்போது தோளில் தட்டி வழியனுப்பினார் என்று அந்தப் பைத்தியம் சந்தோஷமாகப் போயிருக்கிறது.

இத்தனைக்கும் இயற்கை அவர் உச்சந்தலையிலேயே ஒரு வட்டம் போட்டு வைத்திருந்தது. வழுக்கை. இடது காதோரம் முடியை முழ நீளத்துக்கு வளர்த்து, எண்ணெயைக் குழைத்து அப்பி, அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு இழுத்து ஒட்டி வைத்திருப்பார். காற்றடித்தால் எழும்பிவிடுமோ என்ற பயத்தில் நிமிஷத்துக்கு ஒருமுறை உள்ளங்கையால் அதை நீவிவிடுவார். ஊரார் குறைக்கெல்லாம் சாக்பீஸ், தன் குறைக்கு மட்டும் பூச்சு. நான் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை பார்ப்பவள், ஊர்க் கறையெல்லாம் பார்த்தவள். அத்தானின் தலையணை உறையில் இருக்கும் எண்ணெயை மட்டும் எந்தச் சோடாவாலும் எடுக்க முடிந்ததில்லை.

அவர்களுக்கு ஒரே மகள். தான் விரும்பியவனை ஒருநாள் வீட்டுக்கு அழைத்து வந்தாள், அவன் அம்மாவோடு. நல்ல பையன், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கழுத்தின் ஓரத்தில் விரலகலத்துக்கு ஒரு வெண்திட்டு. அதை மறைக்கக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டெல்லாம் அவன் வரவில்லை. அத்தான் எழுந்து போனார். பையனின் தாடையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பினார். பேசினைத் திருப்புவது போலத்தான், ஒரு கை கீழே, ஒரு கை பக்கவாட்டில். தலையை நீவிக்கொண்டார். அந்தக் கையாலேயே திட்டைத் தடவினார்.

"இது பரவும்," என்றார். "உடைப்பு."

பையனுடைய அம்மாவுக்கு அந்தச் சொல் புரியவில்லை. எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. மகள் அன்றைக்கே அவர்களோடு கிளம்பிப் போனாள், கல்யாணம் செய்துகொண்டாள். அவள் பெயரை வீட்டில் எடுக்கக் கூடாது, போனில் பேசக் கூடாது என்று அத்தான் உத்தரவு போட்டார். மீறினால் அக்காவும் அங்கேயே போய்விட வேண்டியதுதான் என்றார். அக்காவுக்குப் பயம். எனக்கு அந்தப் பயம் புரிந்ததே இல்லை. நானாக இருந்தால் முதல் பஸ்ஸைப் பிடித்திருப்பேன். ஆனால் நான் அவள் இல்லை. அடிபட்ட பாத்திரத்துக்கு அடுப்பே கதி என்று கிடந்தாள்.

பிறகு தொழிற்சாலையில் ஒரு கேமரா இயந்திரம் வந்தது. கம்மோடு அதற்குள் நுழைந்து வெளியே வந்தால் குறையெல்லாம் திரையில் தெரியும். அத்தானுக்கு மாலை போட்டு, பையில் ஒரு கடிகாரத்தையும் திணித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு அந்த வீட்டில் நடந்ததைக் கேட்க வேண்டாம். முன்பு மாலையிலிருந்து ராத்திரி வரைக்கும்தான் வட்டம். இப்போது விடிந்ததிலிருந்து. அக்கா குளித்துவிட்டு வந்தால் ஈரக் காலடி ஒவ்வொன்றையும் சுற்றி வட்டம். குளியலறையிலிருந்து அடுப்படி வரைக்கும் நீல வட்டங்கள் வரிசையாக அவள் பின்னாலேயே வந்தன. அவள் மெலிந்துபோனாள். மாடியில் குடியிருந்த நான் கீழே இறங்கவே அஞ்சினேன்.

அந்தச் சமயத்தில்தான் கார் வந்து சேர்ந்தது. ஒரு பல் டாக்டர் வீட்டுக் கொட்டகையில் சக்கரமில்லாமல் கிடந்த பழைய நாலு கதவுப் பெட்டி. எஞ்சினை மெக்கானிக் ஒருவர் ஓடவைத்துக் கொடுத்துவிட்டார். பெயிண்ட் மட்டும் நானே அடிப்பேன் என்று அத்தான் ஒற்றைக்காலில் நின்றார். "பெயிண்டர் கண்ணுல எது படும்? எல்லாம் பூசி மெழுகுற பசங்க." கொல்லைக் கொட்டகையில் காரை ஏற்றிவைத்து, கம்ப்ரசர் வாங்கி, ஸ்ப்ரே கன் வாங்கி, காலையில் உள்ளே போனால் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வருவார்.

சும்மா சொல்லக் கூடாது, மனிதர் வேலை நன்றாகவே செய்தார். துரு தின்ற இடத்தைச் சுரண்டி எடுத்து, பட்டி பார்த்து, தண்ணீர் விட்டு விட்டு வாட்டர் பேப்பரால் தேய்த்து, பிரைமர் அடித்து, மறுபடி தேய்த்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். முதலில் பெயிண்ட் வழிந்தது. கன்னைத் தள்ளிப் பிடிக்கக் கற்றுக்கொண்டார். பிறகு ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பாக வந்தது. தின்னரைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்தார். குறை அவருக்குப் பழகிய சொந்தக்காரன். ஒவ்வொன்றையும் சுற்றி வட்டம் போட்டு, ஒவ்வொன்றாக ஒழித்துக்கட்டினார்.

வீட்டுக்குள் வட்டம் நின்றுபோனது. அக்கா முதலில் நம்பவில்லை. ஈரக்காலோடு நடந்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பாள். ஒன்றும் இருக்காது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் கம்ப்ரசரைப் போட்டதும் வீடே அதிரும். கூப்பிட்டால் காதில் விழாது. அந்த இரைச்சலுக்கு நடுவில் ஒருநாள் அவள் அடுப்படி அலமாரிக்குப் பின்னாலிருந்து போனை எடுத்து மகளைக் கூப்பிட்டாள். நான் வாங்கிக் கொடுத்த போன். அன்றிலிருந்து கம்ப்ரசர் ஓடும் நேரமெல்லாம் தாய்க்கும் மகளுக்கும் பேச்சு. மகள் பிள்ளை உண்டானது, அவள் வாந்தி, பிரசவம், பெண் குழந்தை பிறந்தது எல்லாவற்றையும் அக்கா அந்த இரைச்சலுக்குள்தான் கேட்டாள். ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு, இன்னொரு காதில் குழந்தை அழுவதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே நிற்பாள். அவள் பல் தெரியச் சிரித்து அதற்கு முன் நான் பார்த்தது எப்போது என்று ஞாபகமில்லை.

கார் முடிந்துவிட்டால் இதுவும் முடிந்துவிடும். கம்ப்ரசர் நிற்கும், சாக்பீஸ் வீட்டுக்குள் வரும். அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

ஆனால் கார் முடியவில்லை. சாம்பல் கலந்த நீல நிறம் அடித்த அன்று ஒரு புதுக் குறை வந்தது. பெயிண்ட் விழுந்த கொஞ்ச நேரத்தில் அங்கங்கே நடுவில் விலகி மிளகளவு குழி விழுந்தது. குழியைச் சுற்றி வரம்பு கட்டிய மாதிரி ஒரு வளையம். வட்டம். பானெட் முழுக்க வட்டம். அவர் போட்ட வட்டமில்லை, பெயிண்ட் தானாகப் போட்டுக்கொண்டது. தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி அடித்தார். மறுபடி வந்தது. கதவில் அடித்தார், கதவிலும் வந்தது.

எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் இப்படி வரும் என்று பெயிண்ட் கடையில் சொல்லி அனுப்பினார்கள். அவ்வளவுதான், அக்கா மாட்டினாள்.

"உன் அடுப்புப் புகைதான்," என்றார். அடுப்படியில் எண்ணெய் வைக்கக் கூடாது, வதக்கக் கூடாது, தாளிக்கக் கூடாது. இருவரும் வெந்ததை வெந்தபடி தின்றார்கள். அப்போதும் வட்டம் வந்தது.

"அப்ப உன் தலைதான்." அக்கா தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது. கொட்டகைப் பக்கம் நிழல்கூட விழக் கூடாது. இடுப்புக்குக் கீழே தொங்கிய முடி அவளுக்கு. மாதக்கணக்கில் எண்ணெய் காணாமல் தேங்காய் நார் மாதிரி ஆனது, சீப்போடு கொத்துக் கொத்தாக வந்தது. அதைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டு அவள் அடுத்த வேலையைப் பார்ப்பாள். நான்தான் பொறுக்க முடியாமல் கத்தினேன்.

"உனக்குச் சூடு சொரணை இல்லையாக்கா? அந்த எண்ணெய் எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிச்சுத் தொலைக்கச் சொல்லு அந்த ஆளை."

அக்கா ஜன்னலைத் திறந்து கொட்டகையைக் காட்டினாள். "நல்லாப் பாரு."

அத்தான் கதவைத் தின்னரால் சுத்தமாகத் துடைத்தார். துணியை உதறினார். கன்னைக் கையில் எடுக்கும் முன் ஒருமுறை தலையை நீவிவிட்டுக்கொண்டார். பிறகு தொழிற்சாலைப் பழக்கம், மணல் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று அதே உள்ளங்கையால் கதவை மேலிருந்து கீழே ஒரு தடவு தடவினார். அப்புறம் பெயிண்ட் அடித்தார்.

எனக்கு வந்த சிரிப்பில் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். "எத்தனை நாளா உனக்குத் தெரியும்?"

"மொத நாளே."

"சொல்லலையா?"

"குறை கண்டுபிடிக்கிறது அவரு வேலை," என்றாள். "நான் எதுக்கு அதுல போய் மூக்கை நுழைக்கணும்." கம்ப்ரசர் ஓட ஆரம்பித்ததும் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தன் முடியைக் கொடுத்து மகளின் குரலை வாங்கியிருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கெடுத்தது மருந்துக்கடைக்காரர். தின்னர் பட்டு அத்தானின் கையெல்லாம் கொப்பளித்து அரிப்பெடுக்க, தோல் வெளியே தெரியாமல் மூடிக்கொண்டு வேலை செய்யச் சொல்லிவிட்டார். அத்தான் தலையோடு சேர்த்து மூடும் வெள்ளை அங்கி ஒன்று வாங்கினார். ரப்பர் கையுறை, கண்ணுக்குப் பெரிய பிளாஸ்டிக் கண்ணாடி. முக்காட்டுக்குள் தலை போய்விட்டதால் நீவ வேண்டிய அவசியமே இல்லை. அன்றைக்கு அடித்த நீலம் ஒரு புள்ளி குறையில்லாமல் கார் முழுக்க உட்கார்ந்தது. அவர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். சாக்பீஸுக்கு வேலையே இல்லை.

"இது காஞ்சதும் மேல பளபளப்புக்குக் கிளியர் அடிச்சா முடிஞ்சது," என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் வந்தார். வந்தவர் அடுப்படி வாசலில் நின்று சுற்றிலும் பார்த்தார். சட்டைப் பையைத் தடவினார்.

அடுத்த நாள் காலையிலிருந்தே வட்டம். இத்தனை மாத பாக்கியையும் சேர்த்துத் தீர்ப்பவர் போல அலமாரி, ஜன்னல், குழாயடி என்று போட்டுக்கொண்டே போனார். நீலம் காயட்டும் என்று கம்ப்ரசரைத் தொடவில்லை. மத்தியானம் அவர் அடுப்படியில் நின்றிருந்தபோது அலமாரிக்குப் பின்னால் மணி அடித்தது. வழக்கமான நேரம். மகளுக்கு என்ன தெரியும்? அக்கா எட்டுவதற்குள் அவர் எடுத்துவிட்டார்.

போனில் மகள் பேசுவது அடுப்படி வாசலில் நின்ற எனக்கே கேட்டது. "அம்மா, இன்னிக்கு அவ குப்புற விழுந்துட்டாம்மா. தலையைத் தூக்கித் தூக்கிப் பாக்குறா."

அத்தான் தலையை நீவிக்கொண்டார். பிறகு, "கழுத்துல இருக்கா?" என்று கேட்டார்.

அவர் குரலை உயர்த்தினார்.

"புள்ள கழுத்துல இருக்கான்னு கேக்குறேன். வெளிச்சத்துல திருப்பி வச்சுப் பாத்தீங்களா?"

போன் அணைந்தது. அவர் அதை அக்கா கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு, போன் ஒளித்து வைத்திருந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். அன்று பொழுது சாயும் வரைக்கும் அக்கா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். மணி அடித்து அடித்து நின்றது. எடுக்கவில்லை.

மறுநாள் காலை அத்தான் குளிக்கப் போனதும் அக்கா அவருடைய தலை எண்ணெய்ப் புட்டியை எடுத்தாள். தலையில் ஊற்றி நிதானமாகத் தேய்த்தாள். பிறகு கையைத் துணியில் துடைத்தாள், பளபளப்பு மட்டும் மிஞ்சும்படி. கொட்டகைக்குள் போனாள். இரண்டு உள்ளங்கையாலும் காரின் கூரையிலிருந்து ஆரம்பித்துப் பின்பக்கம் வரைக்கும் ஓர் இடம் விடாமல் தடவினாள், குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பது போல. நான் வாசலில் காவல் நின்றேன். எனக்கு நடுக்கமும் இல்லை, வருத்தமும் இல்லை. மனசுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

நீலத்தின் மேல் தின்னர் வைத்துத் துடைத்தால் நீலமே வந்துவிடும். அத்தான் தூசியை மட்டும் துணியால் ஒற்றி எடுத்தார். பிளாஸ்டிக் கண்ணாடி வழியாக அவருக்கு வேறெதுவும் தெரியவில்லை. கிளியர் அடித்து முடித்துக் கம்ப்ரசரை நிறுத்தியபோது கூரையில் முதல் வட்டம் எழும்பியது. பிறகு பக்கத்தில் ஒன்று. பிறகு கார் முழுக்க, மழைத் துளி விழுந்த குட்டை மாதிரி.

அவர் முக்காட்டைத் தள்ளினார். ஒட்டி வைத்திருந்த முடி கழன்று ஒரு பக்கமாகத் தோளில் தொங்கியது, மண்டை நடுவில் வெள்ளையாகத் தெரிந்தது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"யாரு கை வச்சது?"

"இத்தனை நாளா வச்சது உங்க கை," என்றாள் அக்கா. "தலையைத் தடவிட்டுத் தடவுவீங்களே, அந்த எண்ணெய். இன்னைக்கு மட்டும் என் கை."

அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். கையுறைதான் தெரிந்தது. "தெரிஞ்சும் சொல்லலையா நீ?"

"நீங்க பாக்காத குறையா நான் பாத்துடப்போறேன்?"

அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. காரின் பக்கம் திரும்பி, குனிந்து, வட்டங்களை எண்ண ஆரம்பித்தார். பிறகு வாட்டர் பேப்பர் வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நிமிர்ந்தார். "இருங்க, முதுகுல என்னமோ ஒட்டியிருக்கு," என்றாள் அக்கா. ஒரு குறையைச் சரிசெய்கிறார்கள் என்றால் அவர் மறுக்கவா போகிறார்? அசையாமல் நின்றுகொடுத்தார். பலகையில் கிடந்த சாக்பீஸை எடுத்து வெள்ளை அங்கியின் முதுகில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு இழுப்பு இழுத்தாள். தோளிலிருந்து இடுப்பு வரைக்கும்.

நாங்கள் மகள் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது அவர் பெயிண்ட் கடைக்குத் தெருவில் நடந்துகொண்டிருந்தார். தொழிற்சாலைக்காரர்கள் வேலை மாற்றி இறங்கும் நிறுத்தம் அது. அவர்கள் நின்று பார்த்தார்கள். ஒருவர் விசிலடித்தார். "டேய், வட்டத்துக்கே பெருக்கல் போட்டுட்டாங்கடா," என்று யாரோ சொல்ல நிறுத்தமே சிரித்தது. தன் முதுகு தனக்குத் தெரியாதே. அவர் எதற்கென்று புரியாமல் தலையை நீவிக்கொண்டு போனார். நான் ஜன்னலில் தலையை நீட்டி ஆசைதீரப் பார்த்தேன். அக்கா திரும்பவில்லை.

"உடைப்புல போடுக்கா," என்றேன்.

"போட்டாச்சு," என்றாள்.

மகள் கதவைத் திறந்தாள். முதலில் எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள், அவர் வரவில்லை என்று நிச்சயமானதும்தான் வழிவிட்டாள். மாப்பிள்ளை எழுந்து நின்று, "வாங்கத்தை," என்றான். கழுத்தின் வெண்திட்டு காதுவரை ஏறியிருந்தது. மகள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கிவந்து அக்காவின் மடியில் போட்டாள். குளித்து, துணி மாற்றி, பால் வாசனையோடு இருந்தது. அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. "என் தங்கம், என் ராசாத்தி," என்று உச்சியில் முத்தம் கொடுத்தாள். குழந்தை அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.

அக்கா குழந்தையைத் தூக்கினாள். ஒரு கை கீழே, ஒரு கை பக்கவாட்டில். ஜன்னல் பக்கம் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். உள்ளங்கை முதுகில் மேலிருந்து கீழே ஒருமுறை போனது. கட்டைவிரல் கழுத்து மடிப்பை விலக்கியது. அவள் வேண்டுமென்று செய்யவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். அவள் பாட்டுக்குக் கொஞ்சிக்கொண்டுதான் இருந்தாள். கை தன்னால் செய்தது.

"நீயும் பாக்குறியாம்மா?" என்றாள் மகள்.

அக்காவின் கை நின்றது. மாப்பிள்ளை மெதுவாகக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். முதன்முதலில் பெண் கேட்டு வந்த அன்றைக்குக்கூட அவன் அப்படிச் செய்யவில்லை. மகள் குனிந்து குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள், கதவைச் சாத்தினாள். அக்கா எண்ணெய் மினுக்கும் இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

குழந்தையின் உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லை. அது அக்காவுக்கும் தெரிந்துவிட்டது, பக்கத்தில் நின்ற எனக்கும் தெரிந்துவிட்டது.